மறுபிடி

இருவர் ஆளுக்கொரு பிடியாக இழுக்கும் ரம்பத்தின் மறுமுனை தாழ்ந்திருந்தது. அதுதான் வெர்னாவை முதலில் உறுத்தியது. மலைப்பாதையை மறித்து விழுந்திருந்த ஃபிர் என்ற ஊசியிலை மரம் அத்தனை பருமன். இந்தப் பக்கம் முட்டிபோட்டு அறுப்பவளுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் தெரிய மாட்டான். அவள் சாப்பிட்டு வந்து பிடியைத் தொட்டதுமே, கூட வேலை செய்யும் வென்டல் மறுபக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டான். ஆனால் ரம்பம் சாய்ந்து, யாரோ படுத்துக்கொண்டு இழுப்பதுபோல் போய் வந்தது.

"நிமிர்ந்து இழு வென்டல்! படுத்துத் தூங்குறியா?"

ரம்பம் அதே சாய்வில் போய் வந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிசின் மணத்துக்கு அடியில் புதினா போட்ட வாய்ப்புகையிலையின் வாசனை மெல்ல எழுந்தது. வென்டலுக்குப் புகையிலைப் பழக்கம் இல்லை.

இந்தக் காட்டுக்குள் மோட்டார் ரம்பம் வரக் கூடாது என்பது விதி. காட்டுக்கு இரைச்சல் ஆகாதாம். போன இலையுதிர்காலத்தில் இதே வளைவில் ஒரு மரம் உருண்டு அவள் கணவன் எமெட்டை இடுப்புக்குக் கீழே அமுக்கியபோதும் வரவில்லை. மோட்டார் ரம்பம் கேட்டு வயர்லெஸ்ஸில் கதறினாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இருவர் இழுக்கும் ரம்பத்தை ஒருத்தி தள்ளினால் அலகு நெளிந்துவிடும். அதனால் கீழே கிடந்த எமெட்டே, வாயில் புதினாப் புகையிலையை அதக்கியபடி, மறுபிடியைப் பற்றினான்.

"தள்ளாத வெர்னா. இழு, விடு. நான் இருக்கேன்ல?"

பாதி மரம் அறுபட்டிருந்தது. அவள் இழுத்தாள், விட்டாள். ரம்பம் போகவில்லை.

அனுமதி மறுநாள் காலையில் வந்தது. நாசமாய்ப் போன அனுமதி.

"யாரோட அறுக்குற?"

குரல் அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஓடையிலிருந்து ஏறி வந்த வென்டல், இரண்டு கையிலும் தண்ணீர்ப் பையோடு நின்றான்.

"தனியா ரம்பத்தைத் தொடாதன்னு எனக்குப் பாடம் எடுத்துட்டு, இப்ப நீயே..."

ரம்பம் போனது. வந்தது. போனது.

தண்ணீர்ப் பைகள் கீழே விழுந்தன.

"கையை எடு வெர்னா. விட்டுடு."

அவள் எடுக்கவில்லை. பயத்தில் பல் கிட்டித்தது. ஆனாலும் இழுத்தாள். இப்போது நிறுத்தினால் அவன் மறுபடியும் சாவான். அலகு பாதி மரத்தைத் தாண்டிவிட்டது. அன்று இவ்வளவு தூரம் வரவில்லை.

மறுபக்கம், தரையோடு தரையாக, மூச்சிரைப்பு.

"இன்னும் கொஞ்சம்தான்," என்றாள் வெர்னா.

வென்டல் மரத்துக்கு மேலாக மறுபக்கம் எட்டிப் பார்த்தான். பின்னால் நகர்ந்தான். அப்புறம் ஓடினான்.

இழு. விடு.

இழு.

மரம் முறிந்தது. இரண்டு துண்டுகளும் சரிந்து விலகின. நடுவில் அலகு. அதன் கடைசியில், மண்ணை ஒட்டி, மறுபிடி. அதைச் சுற்றி இரண்டு கைகள். மணிக்கட்டு வரை மட்டும். அதற்குக் கீழே மண். நகக்கண் முழுக்க மரத்தூள்.

"எமெட்..."

கைகள் மண்ணுக்குள் இழுத்தன. அவள் முட்டி மரத்தூளில் வழுக்கிக்கொண்டு போனது.

இந்த முறை அவை விடவில்லை. அவளும் விடவில்லை.