ஓசோன் கொல்லும்!

"அப்பா...!"

மகளின் அலறலில் வீடு அதிர்ந்தது.

பின்பக்க மோட்டார் அறை. ஜன்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே பெரியவர் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது... யாரையோ திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியவர் போல!

அவர் தலைக்கு மேலே, சுவரில், ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே நீல வெளிச்சம். 'ஓசோன் கொல்லும்! கிருமிக்கு எமன்!' என்று நெற்றியில் பட்டை எழுத்து.

பெட்டியிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய். தொட்டியில் மிஞ்சும் வாயுவைச் சுவருக்கு வெளியே அனுப்ப இன்னொரு குழாய்.

அந்த இரண்டாவது குழாய்... பிடுங்கப்பட்டுக் கிடந்தது!

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஹாலுக்குள் நுழைந்தபோது, மாப்பிள்ளை ஒரு கோட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார். போன் போட்டு வரவழைத்துப் பிடித்த காலர்.

"இவன்தான் மேடம்! மெஷினை வித்தவன்! இவன் மாட்டின குழாய் கழண்டு, ரூம் பூரா ஓசோன் நிரம்பி, எங்க மாமா மூச்சு முட்டிப் போயிட்டாரு!"

"கையை எடுய்யா! ஓசோன் டாக்டர் மேலயா கை வைக்கறே?"

"டாக்டரா?" இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"தண்ணிக்கு டாக்டர், மேடம்."

"நாடி பிடிப்பீங்களோ?"

கோட்டுக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மைக் மட்டும்தான் இல்லை.

"பிராணவாயுவுக்கே கூட ஒரு பிராணனைச் சேர்த்துக் கொடுக்கறோம் மேடம். அதான் ஓசோன்! கிணத்துத் தண்ணியில இரும்பு வாடையா? போச்சு! கிருமியா? க்ளோஸ்! உயிருள்ள எதையும் விடாது!"

"எதையும்?"

"எதையும்!"

"ஏட்டய்யா, கேட்டுக்கிட்டீங்களா? உயிருள்ள எதையும் விடாத வாயுவை, ஜன்னல் இல்லாத ரூம்ல, கழண்டு விழற குழாயோட மாட்டியிருக்காரு. வண்டியில ஏத்துங்க."

கோட்டுக்குள் இருந்த காற்று இறங்கிவிட்டது.

"மே... மேடம்... தனியா ஒரு வார்த்தை..."

கொல்லைப்புறம். துணிக்கொடிக்குப் பின்னால் இழுத்துப் போய்க் கிசுகிசுத்தார்.

"அதுல ஓசோன் வராது மேடம்."

"ரிப்பேரா?"

"வந்ததே இல்ல! மீன் தொட்டியில குமிழி விடுமே, அந்த மோட்டார். கூட ஒரு நீல பல்பு. வர்றது வெறும் காத்து! அந்தக் குழாய் கழண்டா என்ன, கழலாட்டி என்ன... கொசுகூட சாகாது!"

"அப்ப நீங்க யாரு?"

"மோசடிக்காரன் மேடம்!" நெஞ்சை நிமிர்த்தினார். பெயருக்கு முன்னால் முதல் முறையாக ஒரு நிஜமான பட்டம்! "சுத்தமான, கலப்படமே இல்லாத மோசடிக்காரன்! தூக்குல மட்டும் போட்டுறாதீங்க!"

இன்ஸ்பெக்டர் மோட்டார் அறைக்குப் போய்ப் பெட்டி மூடியை நெம்பினார். உள்ளே குட்டி மோட்டார். அதன் முதுகில் ஒட்டியிருந்த படத்தில், ஒரு தங்கமீன் வாயைப் பிளந்து சிரித்தது.

பிணத்தின் அருகே குனிந்திருந்த போலீஸ் டாக்டர் - இவர் நிஜ டாக்டர் - நிமிர்ந்தார்.

"உதட்டு உள்பக்கம் காயம். பல் இடுக்குல துணி நூல். யாரோ முகத்தை அமுக்கியிருக்காங்க."

கொலை!

மூடியைப் பழையபடி மாட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் மகளைத் தேடிப் போனார்.

"இந்த மெஷின் அப்பாவுக்குப் பிடிக்குமா?"

"டப்பான்னுதான் சொல்லுவாரு. எனக்கும் நம்பிக்கை இல்ல. வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கிட்டு, ஆஹா, அருவித் தண்ணிம்பாரு." மூக்கை உறிஞ்சினாள். "நேத்து அப்பா அவர்கிட்ட சொல்லிட்டாரு... நாளைக்கு டப்பாவைக் கழட்டறேன், அதைத் தூக்கிக்கிட்டு நீயும் கிளம்புன்னு."

பிணம் வேனுக்குப் போனதும், மாப்பிள்ளையை மோட்டார் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார் இன்ஸ்பெக்டர். குழாய் இன்னும் பிடுங்கியபடியே கிடந்தது.

"காலையில நீங்க உள்ள வந்தப்ப எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க."

சுவிட்ச்சைத் தட்டினார்.

"ஐயோ, வேண்டாம் மேடம்! ஆபத்து!"

குளுக்... குளுக்... குளுக்...

மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். இருமினார். இரட்டிப்பாக இருமினார். கண்ணைக் கசக்கினார்.

"இதே... இதே நெடிதான் மேடம்! மின்னல் அடிச்ச வாடை! தொண்டை எரியுது! பாவம் மாமா..."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது மேடம்!"

இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்தார்.

தங்கமீன்!

இருமல் பாதித் தொண்டையில் நின்றது.

"இது வெத்துக் காத்துன்னு வித்தவருக்குத் தெரியும். உங்க மாமனாரும் சம்சாரமும் இதை நம்பினதே இல்ல. குழாயைப் பிடுங்கி வச்சா, ஓசோன்தான் கொன்னுதுன்னு ஊர் நம்பும்... இப்படி யோசிக்க இந்த வீட்ல ஒரே ஒரு ஆளாலதான் முடியும்!"

மாப்பிள்ளை அப்படியே தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்க்ரூ டிரைவரோட கழட்ட வந்தாரு மேடம்... சிரிச்சாரு... டப்பாவைப் பார்த்துச் சிரிச்சிட்டு என்னைப் பார்த்தும் சிரிச்சாரு... குளிச்சிட்டு வந்தேன், கையில ஈரத் துண்டு இருந்துச்சு... அந்தச் சிரிப்பை மட்டும்தான் நிறுத்த நினைச்சேன்..."

கதவு திறந்தது. மகள். கணவனை ஓங்கி அறைந்தாள். அவர் சாய்ந்த வேகத்தில் குழாய் எகிறியது.

விலங்கோடு வாசலுக்கு வந்த மாப்பிள்ளையின் கண்ணில் கோட்டுக்காரர் பட்டார். பாய்ந்தார்!

"உன்னை நம்பித்தானேடா கொன்னேன்! இப்படி ஏமாத்திட்டியேடா, பாவி!"

"நான் தண்ணிக்குத்தானே வித்தேன்! கொலைக்கு வித்தேனா?"

ஏட்டு குழப்பமாகத் தலையைச் சொறிந்தார்.

"மேடம்... மாப்பிள்ளை இப்ப சொன்னது வாக்குமூலமா? இல்ல, இவர் மேல புகாரா?"

"ரெண்டும்தான். ரெண்டு பேரையும் ஏத்துங்க."

"அந்த டப்பா?"

"பார்த்துக் கழட்டுங்க ஏட்டய்யா," என்றார் இன்ஸ்பெக்டர், ஜீப்பில் ஏறியபடி. "மாட்டினதுலேர்ந்து இன்னைக்குத்தான் அது ஒரு கிருமியைப் பிடிச்சிருக்கு!"