பூட்ஸ் கடித்த இடம்

காலை எட்டு மணிக்குச் சாமான் அறையின் கதவு திறந்தது. உள்ளே சுவரில் வரிசையாக அடித்திருந்த முளைகள் அத்தனையும் வெறுமையாக நின்றன. முந்தைய மாலை ஒவ்வொரு முளையிலும் ஒரு ஜோடி பூட்ஸ் தொங்கியது. இப்போது ஒரு கயிறுகூட மிச்சமில்லை.

கதவில் கீறல் இல்லை. பூட்டு உடையவில்லை. ஜன்னல் என்று அந்த அறைக்கு எதுவுமே கிடையாது. பூட்டின் ஒரே சாவி, அதைத் திறந்த மனிதரின் கழுத்தில்தான் எப்போதும் தொங்கும். அந்தக் கால்பந்து அணியின் பந்துகளையும் பனியன்களையும் பூட்ஸ்களையும் நெடுங்காலமாகக் கட்டிக் காத்து வருபவர் அவர். ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அவர் சித்தப்பா. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார் சித்தப்பா.

மாலை நான்கு மணிக்கு இறுதி ஆட்டம்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது, கூட்டத்தின் நடுவே அணியின் முதலாளி நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சிவந்த கண்கள். சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது, ஆகவே திருடனும் ஒருவன்தான் என்று அவர் ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லி முடித்திருந்தார். எதிரணி விலைக்கு வாங்கிவிட்டது என்பது அவருடைய முடிவு. ஆனால் தம் பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்க விடமாட்டாராம். பயிற்சியாளரிடம் தொலைபேசியில் அளவுகளைக் கேட்டுக் கடைக்காரரை எழுப்பியாகிவிட்டது. பத்து மணிக்குள் புது பூட்ஸ் வந்து இறங்கும். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

இன்ஸ்பெக்டருக்குக் கால்பந்து தெரியாது. உள்ளே போனால் கோல், வெளியே போனால் பெருமூச்சு என்ற அளவில்தான் அந்த அம்மையாரின் ஞானம். வீட்டில் கணவர் தொலைக்காட்சி முன்னால் போடும் கூத்திலிருந்து கற்றது அது. ஆனால் கால் வலி என்னவென்று நன்றாகவே தெரியும். துறை கொடுத்த புது ஷூ ஓர் அளவு சிறியது. ஒரு மாதமாக அது விரல் நுனிகளைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவை அலுவலக அறையில் உட்கார வைத்து, கைபேசியை வாங்கி வைத்து, வாசலில் ஒரு காவலரையும் நிறுத்தியாயிற்று. இன்ஸ்பெக்டர் எதிரே அமர்ந்தார்.

"நேத்து கடைசியா யாரு பூட்டினது?"

"நான்தான் மேடம்."

"சாவி போட்டா?"

"அமுக்குப் பூட்டு. திறக்கத்தான் சாவி வேணும். பூட்டறதுக்கு அமுக்கினாப் போதும். என்னோடது பழசு, ரெண்டு குத்து குத்தினாத்தான் கேக்கும். நேத்து பாருங்க, தொட்டதும் டக்குன்னு விழுந்துச்சு. பூட்டுக்கூட ஜெயிக்கணும்னு நினைக்குதுன்னு நானே சிரிச்சுக்கிட்டேன்."

"அதுக்கு முன்னால அங்க யாரெல்லாம் வந்தாங்க?"

கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் பூட்டு கொண்டியிலேயே தொங்குமாம். உள்ளே அவர் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேர் வந்து போனார்கள். பயிற்சியாளர் பந்துகளை எண்ணிப் பார்க்க வந்தார். முன்னணி ஆட்டக்காரன் கணுக்காலுக்குச் சுற்றும் பட்டை கேட்டு வந்தான். இடது காலால் கோல் போடுவதால் அவனுக்கு இடங்காலன் என்று பெயர். முதலாளி வாசலில் நின்றபடியே நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

தயங்கித் தயங்கிப் பெரியவர் குரலைத் தாழ்த்தினார். என்னை உள்ளே தள்ளினாலும் பரவாயில்லை, ஒரு பூட்ஸை மட்டும் எப்படியாவது தேடிக் கொடுங்கள் என்றார்.

"யாரோடது?"

"இடங்காலனோட வலது பூட்ஸ் மேடம். வலது பாதம் ஒடிஞ்சு கூடினதிலிருந்து அகலமாயிடுச்சு. எல்லார் கணக்குலயும் அவன் அளவு எட்டுதான். ஆனா வலதுக்கு ஒம்பது வேணும். நான் ரெண்டு ஜோடி வாங்கி மாத்தி வச்சிடுவேன். அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கோச்சுக்குத் தெரிஞ்சா வெளியே உக்கார வச்சிடுவார், எதிரணிக்குத் தெரிஞ்சா அந்தக் காலைத்தான் மிதிப்பான். இன்னைக்கு எட்டுல காலைத் திணிச்சு ஓடினான்னா, அந்தக் கால் அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தன் கழுத்துக்குக் கயிறு தயாராகும்போது இன்னொருவன் கால்விரலுக்காகக் கவலைப்படுகிற திருடனை அவர் இதுவரை சந்தித்ததில்லை.

பத்து மணிக்கு முதலாளியின் நீளமான கார் வந்து நின்றது. அவரே ஓட்டி வந்தார். டிரைவருக்கு இன்று விடுமுறை, அவனும் நிம்மதியாக ஆட்டம் பார்க்கட்டும் என்றார். கடைப் பெட்டிகள் பின் இருக்கையில் கூரை வரை அடுக்கியிருந்தன. முன் இருக்கையிலும் அடைந்து, கியர் கம்பியின் மேலும் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது. இறக்க ஓடி வந்தவர்களை விலக்கி, ஒவ்வொன்றையும் தாமே எடுத்து அவரவர் கையில் கொடுத்தார். புகைப்படக்காரர்கள் வட்டமிட்டார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு காவலருக்குக் கண்கள் பளபளத்தன. அவர் அணியின் தீவிர பக்தர்.

"போன வாரம் ரேடியோல கேட்டாங்க மேடம், இந்த டீம் ஜெயிக்க யாரு காரணம்னு. கோச்சுக்கு ஏகப்பட்ட ஓட்டு. இடங்காலனுக்கு, கோல் காக்குற கோலிக்கு, ஏன், சித்தப்பாவுக்கே பத்துப் பேர் போன் பண்ணாங்க."

"முதலாளிக்கு?"

"ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அது அவங்க வீட்டம்மா குரல்னு ஊரே பேசிக்குது."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஒரு ஓரமாக நின்று மைதானத்தைக் கவனித்தார்.

பயிற்சி தொடங்கிக் கால் மணி ஆவதற்குள் ஆட்டக்காரர்கள் நொண்ட ஆரம்பித்தார்கள். புதுத் தோல் அப்படித்தான். காலோடு பழகாத பூட்ஸ் எவ்வளவு விலையானாலும் முதல் நாள் கடிக்கும். கோலி தன் பூட்ஸைக் கழற்றி அதன் முகத்தைப் பார்த்தே திட்டினான். இன்ஸ்பெக்டரின் கண் இடங்காலனை விட்டு நகரவில்லை. வலது விரல்கள் நசுங்க அவன் துடிக்கப் போகிறான் என்று அவர் எதிர்பார்த்தார். அவனும் நொண்டினான். ஆனால் எல்லாரையும் போலத்தான்.

ஓய்வு நேரத்தில் அவனைத் தனியே அழைத்தார்.

"எங்க தம்பி கடிக்குது?"

"ரெண்டு குதிகால்லயும் உரசுது மேடம். கொப்புளம் வந்திடுச்சு."

"விரல்ல?"

"விரல்ல ஒண்ணும் இல்லையே."

இன்ஸ்பெக்டர் தம் ஷூவைப் பார்த்தார். புதியது என்றால் குதிகாலைக் கடிக்கும். சிறியது என்றால் விரலைக் கடிக்கும். அதற்கு அவருடைய பத்து விரல்களும் சாட்சி சொல்லும்.

"கழட்டுங்க."

அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது பூட்ஸில் எட்டு. வலது பூட்ஸில் ஒன்பது. இடங்காலன் தலை குனிந்துகொண்டான். எப்படியோ சித்தப்பாதான் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று தான் நினைத்ததாகச் சொன்னான்.

சித்தப்பா சொல்லியிருக்க முடியாது. கைபேசி இன்ஸ்பெக்டரின் பையில் இருந்தது. அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. அவரிடம் யாரும் பேசவும் இல்லை. அடுத்துப் பயிற்சியாளரைக் கேட்டார். சிக்கனமாகப் பேசுகிற மனிதர் அவர்.

"இடங்காலனுக்கு என்ன அளவு சொன்னீங்க?"

"எட்டு."

"ரெண்டு காலுக்கும்?"

"ரெண்டு காலுக்கு ரெண்டு அளவு யாராவது சொல்லுவாங்களா மேடம்?"

மூன்று மணிக்கு வெளியே கூட்டத்தின் இரைச்சல் சுவரை அதிரச் செய்தது. உடை மாற்றும் அறையில் எல்லாரும் இருந்தார்கள். சித்தப்பாவையும் அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இந்த மனிதரை இன்னும் ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டார்.

"ஒரு சின்ன சந்தேகம் சார். இடங்காலனுக்கு எந்த அளவுல வாங்கினீங்க?"

"கோச் சொன்ன அளவுதான்."

"கோச் எட்டு சொன்னாரு. நீங்க வலது காலுக்கு ஒன்பது வாங்கியிருக்கீங்க."

"கடைக்காரன் பெட்டியை மாத்தியிருப்பான்."

"மாத்தியிருக்கலாம். ஆனா இத்தனை ஜோடியில அந்த ஒரு ஆளுக்கு, அதுலயும் அந்த ஒரு காலுக்கு, எது சரியோ அதுவே வர்ற மாதிரி மாத்தத் தெரிஞ்ச கடைக்காரரை நான் பார்க்கணும் சார். அந்த அளவு மூணே இடத்துலதான் இருந்துச்சு. இடங்காலன் மனசுல, சித்தப்பா மனசுல, காணாமப் போன பூட்ஸோட அடியில. அந்த பூட்ஸைத் திருப்பிப் பார்த்தவங்கதான் இதை வாங்கியிருக்க முடியும்."

எல்லார் பார்வையும் இடங்காலனின் வலது பூட்ஸுக்குப் போனது.

பூட்டின் கதையையும் அவரே சொன்னார். நேற்று மாலை கொண்டியில் திறந்தபடி தொங்கிய பழைய பூட்டை ஒரு கை எடுத்துக்கொண்டு, அதே மாதிரிப் புதுப் பூட்டைத் திறந்தபடியே மாட்டியது. சித்தப்பா சந்தேகப்படாமல் அதை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். புதுப் பூட்டு ஆனதால்தான் தொட்டதும் விழுந்தது. பிறகு தன்னிடமிருந்த சாவியால் அதைத் திறந்து, பூட்ஸை எல்லாம் எடுத்துக்கொண்டு, பழைய பூட்டையே மறுபடி பூட்டிவிட்டுப் போவதில் என்ன சிரமம்? அந்த வாசலில் நின்றவர்கள் மூவர். அந்த மூவரில் புது பூட்ஸ் வாங்கியவர் ஒருவர்.

"இன்னொண்ணு சார். உங்க கார்ல பின்னால அவ்வளவு பெரிய டிக்கி இருக்கு. கியரைக்கூடப் போட முடியாம முன் சீட்டுல எதுக்கு அடுக்கினீங்க? டிரைவர் வேற இன்னைக்குத்தான் லீவா?"

முதலாளி சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார்.

ஒரு தோப்புக்கு வேலி ஒன்று இருந்ததாம். ஆடுமாடு அண்டாமல் ஆண்டுக்கணக்காகக் காத்து நின்றது. பழம் பறித்தவர்கள் மரத்தைப் புகழ்ந்தார்கள், மண்ணைப் புகழ்ந்தார்கள், தண்ணீர் விட்டவனைப் புகழ்ந்தார்கள். வேலியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனம் பொறுக்காத வேலி ஒருநாள் இடம்பெயர்ந்து மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டது. அதன் முள்தான் முதலில் பழத்தைக் கிழித்தது. முதலாளி சொன்ன கதையும் ஏறக்குறைய அதுதான். பணம் போட்டவர் அவர், மைதானம் கட்டியவர் அவர். ஆனால் ஒரு கோலிலாவது தம் கை பட்டது என்று யாரும் சொன்னதில்லை. நான் கொடுத்த பூட்ஸில் ஜெயித்தார்கள் என்ற ஒரு பேச்சு போதும் என்று நினைத்தாராம். அவர்கள் தோற்க வேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு பூட்ஸாகப் புரட்டி அளவு பார்த்து வாங்கினார்.

"இவரைத் திருடன்னு சொன்னீங்களே, அது?"

"சாவி இவர்கிட்டதான் இருக்குன்னு உடனே எல்லாரும் சொல்லிட்டாங்க. மறுத்துப் பேச எனக்கு வாய் வரலை."

"நீங்கதான் முதல்ல சொன்னீங்க," என்றான் கோலி.

அடுத்துப் பேசியவர் பயிற்சியாளர். அன்று அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"மூணு வருஷம் வரிசையாத் தோத்தோம். ஊரே என்னைத் துரத்தச் சொல்லுச்சு. நீங்க ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டு ஏன்னு கேக்கலை. சம்பளம் ஒரு நாள் தள்ளலை. அதுலதான் சார் இந்த டீம் உருவாச்சு. உங்க பங்கு அங்க இருக்கு. அதை ரேடியோல யாருக்கும் சொல்லத் தெரியாது. நானாவது உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

முதலாளி சித்தப்பாவின் முன் வந்து நின்றார். எல்லார் முன்னிலையிலும் திருடன் என்று சொன்னதை, எல்லார் முன்னிலையிலும் தாமே திருடன் என்று திருத்திக்கொண்டார். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். பெரியவர் கழுத்தில் தொங்கிய சாவியைத் தடவினார்.

"கேஸ் வேணாம். அந்தப் புதுப் பூட்டை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. பழசு ரெண்டு குத்து கேக்குது." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். "சாவியையும்."

டிக்கியைத் திறந்தார்கள். முதலாளி குனிந்து ஜோடி ஜோடியாக எடுத்தார். யாரையும் கேட்காமலே ஒவ்வொன்றையும் உரியவன் கையில் சரியாகக் கொடுத்தார்.

ஆட்டம் கடைசி நிமிடம் வரை சமமாக நின்றது. அப்போது வலப்பக்கமிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. இடங்காலன் ஓடினான். என்றைக்கும் எட்டிவிடுகிற தூரம். பழகிய பூட்ஸ்தான் காலில் இருந்தது. ஆனால் அதற்குள் காலையில் உடைந்த கொப்புளங்களும் இருந்தன. ஒரு பாத தூரம் பின்தங்கினான். எதிரணி அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய் மறுமுனையில் கோல் போட்டது.

இரவு வீட்டில் இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். வானொலியில் முதலாளியின் குரல் வந்தது. இந்தத் தோல்விக்கு வேறு யாரும் காரணமில்லை, முழுப் பொறுப்பும் என்னுடையதே என்றது அது. தழுதழுத்த அந்தக் குரலை மூழ்கடித்துக் கைதட்டல் எழுந்தது. இப்படியொரு முதலாளி கிடைக்க அணி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அறிவிப்பாளர் உருகினார். தொலைபேசி அழைப்புகள் குவிகின்றனவாம், எல்லா ஓட்டும் அவருக்கே.

"என்ன மனசு பாரு," என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காலால ஒரு பந்து உதைச்சிருப்பாரா அந்த மனுஷன்? தோத்ததுக்கு அவர் என்ன பண்ணுவார், பாவம்."

"அவர் உண்மையைத்தான் சொல்றாரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

கணவர் சிரித்தார். கால்பந்து தெரியாதவள் என்று அவருக்குத்தான் தெரியுமே.