அம்மா இல்லாத கதாநாயகி

ஒரு பெண்பிள்ளையின் உயிர் பதினெட்டு லெவா. மாணவர் அட்டை காட்டினால் பதினாறு. 'அவனுக்காக அவள் தன் உயிரையே தந்தாள்' என்று பின்னட்டையில் போட்டு, அதற்கு நேர் கீழே விலையையும் போட்டிருந்தார்கள்.

ருமியானா சிரித்துக்கொண்டாள். பல்கேரியாவின் ப்லோவ்திவ் சந்தையில் மிளகாய் விற்றவரின் மகள். எந்தச் சரக்கையும் அமுக்கிப் பார்க்காமல் பையில் போடமாட்டாள். வார இதழுக்கு மதிப்புரை எழுதுவதும் அவளுக்கு அதே வேலைதான். இந்த வாரச் சரக்கு, பதினாறு வயது மகள் காலினா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கும் நாவல். செத்துப்போன ஓர் அழகன், அவனைக் காதலிக்கும் பள்ளி மாணவி.

"கிழிச்சுத் தொங்கவிடப் போற, அப்படித்தானே?" என்றாள் காலினா.

"நல்லா இருந்தா நல்லாருக்குன்னு எழுதறேன்டி."

"நீ எதைத்தான் அப்படிச் சொல்லிருக்க? அப்பாவையே சொன்னதில்ல."

காலினா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் மாலை ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது. ஆறாம் மாடி ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் அழுக்குத் துணிபோல் தொங்க, பால்கனிப் பீப்பாயில் ஊறும் முட்டைக்கோசின் புளிப்பும் எங்கோ எரியும் நிலக்கரியின் புகையும் கதவிடுக்கில் கசிந்து வர, சமையலறை மேசையில் சிவப்புப் பென்சிலோடு ருமியானா பக்கம் பக்கமாக மேய்ந்துகொண்டு போனாள். 'அவன் ஓசையின்றி அவள் அறைக்குள் நடந்தான்' என்றொரு வரி. ஓரத்தில் எழுதினாள்: 'எண்பது கிலோ இளைஞன். பலகைத் தரை முனகக்கூட வேண்டாமா?'

பக்கத்தைத் திருப்பினாள். 'அவன் காலடியில் தரை முனகியது.'

பரவாயில்லை, நாவலாசிரியைக்கே தோன்றியிருக்கிறது என்று நினைத்தாள். அப்போது வெளியே, இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள நடையில் தரை முனகியது.

"காலினா?"

"என்ன?" குரல் மூடிய அறைக்குள்ளிருந்து வந்தது.

குளிருக்கு மரம் சுருங்கும். அவள் மேலே படித்தாள். செத்தவன்மேல் லாவெண்டர் மணத்ததாம். 'மண்ணுக்குள் கிடந்தவன்மேலா?' என்று கிறுக்கித் திருப்பினாள். 'அவன்மேல் ஈரமண் மணத்தது.' முட்டைக்கோசுப் புளிப்புக்கு அடியில், புதிதாகத் தோண்டிய குழியின் வாடை மெல்லக் கிளம்பி அவள் மூக்கில் ஏறியது.

ஆனாலும் பழகிய கை நிற்கவில்லை. தன் கல்லறையிலிருந்து அவன் ஏழு ரோஜாக்களை எடுத்து வந்து காதலியின் ஜன்னலில் வைக்கிறான். ஏழா? கைக்குப் பழகிய கோபத்தில் எழுதினாள்: 'கல்லறைக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்போம். ஒற்றைப்படை உயிரோடிருப்பவர்களுக்கு. இதுகூடத் தெரியாதா?'

"அம்மா! என் ஜன்னல்ல யாரோ பூ வச்சிருக்காங்க!"

ஆறாம் மாடி.

"எத்தனை?"

"எட்டு. எவனோ கணக்குல கோட்டை விட்டவன்." காலினா சிரித்தாள்.

ருமியானா பென்சிலைக் கீழே போட்டாள். சந்தையில் குறை சொன்னால் விலை இறங்கும். இங்கே சரக்கு தேறிக்கொண்டிருந்தது. அவள் ஓட்டையைக் காட்டக் காட்ட, நாவலின் செத்த அழகன் அதை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

எழுந்து ஓடிச் சமையலறைக் கதவைத் தள்ளினாள். நகரவில்லை. யாரோ மறுபக்கம் சாய்ந்து நிற்கும் கனம். குறுகலான நடை அது. மகளின் கதவைப் பார்த்து ஒருவன் நின்றால், அவன் முதுகு இந்தக் கதவில்தான் படும்.

எதிர்க் கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக.

"தாழ் போடுடி!"

"ஏம்மா? நீதானே தட்டற?"

நடையில் கைப்பிடி திரும்பும் ஓசை.

அவள் புத்தகத்தின்மேல் பாய்ந்தாள். பெரிய குறை ஒன்றை மதிப்புரைக்கென்று பத்திரப்படுத்தியிருந்தாள்: நாவல் முழுக்க அந்தப் பெண்ணின் அம்மா ஒருநாள்கூட வீட்டில் இல்லை. வெளியூர், இரவுப் பணி, தலைவலி. அம்மா இருந்தால் கதையே நடக்காதே! இது அவன் கேட்காமலேயே அவள் கொடுக்கும் சரக்கு. பென்சிலை அழுத்தி எழுதினாள்: 'இவள் அம்மா எங்கே? சமையலறையில் இருக்கிறாள். அவளைப் பார்க்காமல் இவன் எங்கும் போகமுடியாது.'

திருப்பினாள்.

'அவன் திரும்பினான்.'

கைப்பிடி ஓசை நின்றது. எதிரே தாழ் விழுந்தது.

"போட்டுட்டேன். என்னம்மா ஆச்சு? பயமா இருக்கு."

"திறக்காத. நான் சொன்னாலும் திறக்காத."

சமையலறைக் கதவு திறந்தது.

ஆசிரியை அவன் கண்களுக்கு இரண்டு பக்கம் செலவழித்திருந்தாள். கன்ன எலும்புகளுக்கு ஒரு பக்கம். நீண்ட விரல்களுக்கும் கொஞ்சம். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அவ்வளவுதான் வந்திருந்தது. கன்னங்களுக்குக் கீழே வெறும் தோல். வழவழப்பாக. மூச்சுக்கு உள்ளே போய், வெளியே வந்து.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மரம் எண்பது கிலோவுக்கு முனகியது. புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினான். காலியான ஓரத்தில் ஒரு விரலை வைத்தான். காத்திருந்தான்.

அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"முடியாது," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கிவிட்டுப் போகட்டும். "விடிய விடிய உக்காந்திரு. அதை மட்டும் எழுதித் தரமாட்டேன்."

விரல் அசையவில்லை. தோல் உள்ளே போனது. வெளியே வந்தது.

கண் இரண்டு, கன்னம் இரண்டு, புத்தகம் கொடுத்தது. கனமும் வாடையும் அவள் கொடுத்தது. வாய் பாக்கி.