நூருல் பஹரின் புகை

“செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்கணுமாம், அய்யா. எங்க வீட்டுக்காரர் கேட்டுத் தொலைச்சிரலாம்கிறாரு. நான் விடமாட்டேன்.”

கீழக்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த உம்மு ஹபீபா, உட்காரச் சொல்லியும் உட்காராமல், இடுப்பில் பிள்ளையோடு நின்றே பேசினாள். எதிரே இருந்த பெஞ்சமின், ராமநாதபுரத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கடற்கரையில் எது கெட்டுப்போனாலும் ஆட்கள் இன்னும் அவரைத்தான் தேடி வருவார்கள். பக்கத்தில் சைக்கிள் கடை கபீர். கடையைப் பூட்டிவிட்டு இவர் பின்னால் துப்பறிய அலைவதில் அவருக்கு அலாதி இன்பம். வீட்டில் வாங்கும் திட்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

விஷயம் இதுதான். சதக் மரைக்காயரின் ‘நூருல் பஹர்’, அவர் தகப்பனார் காலத்து மரக்கப்பல், போன திங்கட்கிழமை நங்கூரத்தில் நின்றபடியே எரிந்து மூழ்கிவிட்டது. உள்ளே கமுதி வியாபாரி முத்தழகுவின் வற்றல் மிளகாய், மூட்டை மூட்டையாக. மறுநாள் பாய் விரிப்பதாக இருந்ததால் ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உம்மு ஹபீபாவின் புருஷன், சமையல்காரன் மதார், அடுப்பை அணைக்காமல் இறங்கிவிட்டான் என்று முதலாளி சொன்னார். ஊர் நம்பியது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் படியில் நின்று மதார் தப்பை ஒத்துக்கொண்டால் போலீசுக்குப் போகமாட்டாராம். அப்படி ஒத்துக்கொண்டவனை அதற்கப்புறம் எந்தக் கப்பலும் ஏற்றாது.

“நீ கண்ணால பாத்ததை மட்டும் சொல்லு தாயி,” என்றார் பெஞ்சமின்.

“சாயங்கால அஸர் தொழுகை நேரம். ஊரே கரையில கூடிருச்சு. சோழகக் காத்து, கடல்ல இருந்து புகையை அள்ளி நேரா எங்க மூஞ்சியில அடிச்சுச்சு. ஒரே கருகின கயித்து வாடை. இவன் என் தோள்ல தூங்கிட்டான். துஆ கேப்போம்னு பாய்மர உச்சியைப் பாத்தேன். ஏர்வாடி தர்காவுல இருந்து கொண்டாந்த பச்சைக் கொடி எப்பவும் அங்கனதான் பறக்கும். நெருப்பு அதுவரைக்கும் ஏறவேயில்ல. ஆனா கொடியைக் காணோம்.”

“அந்தப் புகையிலயா பிள்ளை தூங்கினான்?”

“முழிக்கவேயில்லீங்க.”

கபீருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அண்ணே, எனக்குத் தெரிஞ்சு போச்சு. முத்தழகுதான் வச்சிருப்பாரு.”

“தன் சரக்கைத் தானே கொளுத்துவாரா கபீர்?”



வியாழக்கிழமை பிற்பகல் சதக் மரைக்காயரின் சரக்குக் கிட்டங்கியில் பெஞ்சமின் எல்லாரையும் கூட்டினார். முதலாளி, முத்தழகு, ஜமாஅத் தலைவர் பாக்கர், மூலையில் தலைகுனிந்து மதார். உம்மு ஹபீபாவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

“பொம்பளைக்கு இங்கன என்ன வேலை?” என்றார் சதக்.

“எங்க வீட்டுக்காரர் பேரு இங்கனதான அடிபடுது? நானும் இங்கனதான் நிப்பேன்.”

அதற்குள் கபீர் ஒரு தும்மல் போட்டார். தொடர்ந்து இன்னொன்று. மூன்றாவதற்குக் கண்ணில் நீர் வழிந்தது.

“பாத்தீங்களா,” என்றார் பெஞ்சமின் நிதானமாக. “ஒரு மிளகாயை அடுப்பில போட்டாலே அடுத்த வீடு வரைக்கும் இருமும். ஒரு கப்பல் மிளகாய் எரிஞ்ச புகை இந்த ஊர் மேல அடிச்சுது. யாராவது தும்மினீங்களா? கைப்பிள்ளை அதுல தூங்கியிருக்கு. எல்லார் கண்ணும் நெருப்பு மேல இருந்துச்சு, மூக்கை யாரும் கேக்கல.”

முத்தழகு துள்ளி எழுந்தார். “மூட்டை ஏறுறதை என் ஆளு பாத்தானே?”

“மூட்டை ஏறுச்சு. உள்ள இருந்தது மிளகாய் இல்ல, தென்னை நார்; ஏத்துறதுக்கு முன்னாடியே இங்க வச்சு மாத்தியாச்சு. கயித்து வாடை அதோடதுதான். மிளகாய் எங்கன்னு கபீர் மூக்கு சொல்லுது. அந்தப் பின்கதவைத் திறங்க.”

சதக் நகரவில்லை. பாக்கரே எழுந்து போய்த் திறந்தார். காரம் குப்பென்று வெளியே வர, ஜமாஅத் தலைவரும் மரியாதையை மறந்து தும்மினார்.

“இது வேற சரக்கு,” என்றார் சதக். “கப்பல் எரிஞ்சதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?”

“அப்படியா? சரி. பாய்மரத்தில இருந்த கொடியும் எரிஞ்சு போச்சுன்னு ஏர்வாடிப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிர்றேன்.”

சதக் வாயைத் திறந்தார்.  கை அவரை அறியாமலே இடுப்புச் சாவியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. தகப்பனார் கப்பலைக் கொளுத்த அவருக்கு மனசு வந்தது. தர்காக் கொடியைக் கொளுத்த மட்டும் வரவில்லை. நெருப்பு வைப்பதற்கு முன்னால் அதை அவிழ்த்து எடுத்து வந்திருந்தார். அந்தச் சாவியால் அவருடைய மரப்பெட்டியைத் திறந்தபோது கொடி அத்தர் மணக்க மடித்து வைத்திருந்தது. ஓரம்கூடக் கருகவில்லை.

“உளுத்த கப்பல்,” என்றார் சதக், யாரையும் பார்க்காமல். “எத்தனை நாள் ஓட்டுவேன்? மிளகாய் விலையும் ஏறிக்கிட்டே இருந்துச்சு.”

பாக்கர் தொண்டையைச் செருமினார். “முத்தழகுவுக்கு அவர் சரக்குப் போய்ச் சேரட்டும். மதார் மேல குத்தம் இல்ல. இதை இந்த நாலு சுவத்துக்குள்ளயே முடிச்சுக்குவோம், ஊர் மானம் போயிரும்.”

உம்மு ஹபீபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “எங்க வீட்டுக்காரர் மானம்னா படியில நிக்கச் சொன்னீங்க. முதலாளி மானம்னா நாலு சுவரா? நாளைக்கு ஜும்மா முடியவும் அதே படியில முதலாளி நிக்கணும்.”

“விட்டுரு புள்ள” என்று மதார் வழக்கம்போலச் சொல்வான் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். “ஆமா, நிக்கணும்,” என்றான்.

மறுநாள் தொழுகை முடிந்து கூட்டம் கலையாமல் நின்றது. படியில் சதக் மரைக்காயர் தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கப் போனார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பிள்ளையோடு நின்றிருந்த உம்மு ஹபீபா குரலை உயர்த்தினாள்.

“இங்கன வரைக்கும் கேக்கல, முதலாளி. சத்தமாச் சொல்லுங்க.”

சதக் மரைக்காயர் மறுபடியும் படியேறி, முதலிலிருந்து சொன்னார்.