அடித்தண்ணீரின் சூடு

வெயிலில் கெளுத்தி நின்றது.

அதுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது. நீர்த்தேக்கத்தின் படகுத்துறையில், கணுக்கால் நனையும் தண்ணீரில், வாலை ஆழத்தின் பக்கமும் மீசையைக் கரையின் பக்கமும் வைத்துக்கொண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கெளுத்தி இருட்டு மீன். சேற்றை விட்டு இப்படி வெளிச்சத்துக்கு வராது. அவள் குனிந்து தண்ணீரைக் கையால் கலக்கினாள். அது விலகியது. ஆனால் ஆழத்துக்குப் போகவில்லை. இன்னும் கரைக்கு நெருங்கி, முதுகு வெளியே தெரிய, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அதற்கும் பின்னால் வரிசையாக, கரையைப் பார்த்தபடி, இன்னும் நிறைய.

நீர்த்தேக்க அலுவலகத்தில் அவளுக்குத் தண்ணீர் பார்க்கும் வேலை. காலையில் படகில் நடுவுக்குப் போய், ஈயக்கட்டி கட்டிய பாட்டில் ஒன்றைக் கயிற்றில் இறக்குவாள். வேண்டிய ஆழத்தில் கயிற்றை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் தக்கை பிடுங்கிக்கொண்டு அந்த ஆழத்துத் தண்ணீர் பாட்டிலில் நிறையும். அதை மேலே இழுத்து, வெப்பமானியை விட்டுப் பார்ப்பாள். திரும்பி வந்து துறை வாசலில் இருக்கும் கரும்பலகையில் எழுதுவாள். மேல்தண்ணீர் எப்படி, அடித்தண்ணீர் எப்படி, கலங்கலா தெளிவா, எந்த மீன் எந்தப் பக்கம் கடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தூண்டில்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் இடம் பிடிப்பார்கள். அதனால் அவளுக்குப் போர்டு அக்கா என்று பெயர். தலை நரைத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

குளிர் விட்டு வெயில் தலைகாட்டும் இந்த வாரங்களில் போர்டில் பெரிதாக எதுவும் மாறாது. மேலே இளஞ்சூடு, அடியில் பனி. கெண்டை மட்டும் முட்டையிடக் கரையோரப் புல்லுக்கு வரும். மற்றவை அடியிலேயே சோம்பிக் கிடக்கும்.

இந்த வருடம் எல்லாமே கரைக்கு வந்துவிட்டன.

"அக்கா, என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்க," என்று புழுக்கடைக்காரர் கத்தினார். தூண்டில் புழு விற்கிற அவர் கடை துறைக்கு எதிரே இருந்தது. "வெறும் முள்ளைப் போட்டாலே கடிக்குது. இனி விக்காத புழுவை எல்லாம் நானே தின்னாத்தான் உண்டு."

"ஊரே சந்தோஷமா இருக்கு, உங்களுக்கு மட்டும் வயித்தெரிச்சல்," என்றாள். சிரிக்க முயன்றாள்.

"சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா?" அவர் ஒரு கெண்டையைப் பலகையில் வைத்து வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. "காலையிலேருந்து அறுக்குறேன், அத்தனையும் காலி வயிறு. பசிச்சுக் கடிக்கிற மீன்னா இழுக்குறப்போ கை வலிக்கணும்ல? ஒண்ணுகூட முரண்டு பிடிக்கல. என்னமோ கடைசி பஸ் ஏறுற மாதிரி தானா வருதுங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டுப் பலகையில் கிடந்த கெண்டையின் கண்ணைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. அவள் படகை அவிழ்த்தாள்.

போன வாரம்தான் அது தொடங்கியது. அடியிலிருந்து வந்த பாட்டிலில் விட்ட வெப்பமானி மளமளவென்று ஏறியது. கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். கருவி கெட்டால் புதியது வரும்வரை முந்தின நாள் எழுதியதையே எழுதுவது அந்த அலுவலகத்து வழக்கம். அவளும் அப்படித்தான் எழுதினாள். அடித்தண்ணீர் குளிர், தெளிவு, வழக்கம்போல. நேற்றுப் புதிய வெப்பமானி வந்தது. அதுவும் அதையேதான் காட்டியது. என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டு, நேற்றும் அதையே எழுதினாள்.

இன்று நடுத்தேக்கத்தில் காற்றே இல்லை. மதகுக் கோபுரத்தின் நிழல் தண்ணீரில் கறுப்பாக விழுந்திருந்தது. துடுப்பிலிருந்து சொட்டும் துளிகளின் சத்தமும், எங்கோ தொலைவில் கரையில் எழும் ஆரவாரமும், அதற்கும் அடியில், காதால் கேட்கிறோமா உடம்பால் உணர்கிறோமா என்று பிரித்தறிய முடியாதபடி, யாரோ ஆழ்ந்து தூங்குவது போன்ற மெதுவான ஏற்ற இறக்கமும் படகின் பலகை வழியாக அவள் பாதத்துக்கு வந்துகொண்டிருந்தன. பாட்டிலை இறக்கினாள். கயிறு ஓடி நின்றது. சுண்டினாள். மேலே இழுக்கப் போனபோது, கயிறு ஒரு கணம் வரமாட்டேன் என்றது.

ஏதோ அதைப் பிடித்திருந்தது. சிக்கியது போல இல்லை. கைக்குழந்தை விரலைப் பற்றிக்கொள்வது போல, இறுக்கமில்லாமல்.

பிறகு விட்டது.

மேலே வந்த பாட்டிலில் அவள் வெப்பமானியை விடவில்லை. விரலை விட்டாள். வாய்க்குள் விரலை விட்டது போல இருந்தது. சேற்று நாற்றம் இல்லை. அது வேறு வாசம், அவளுக்குத் தெரிந்த வாசம். என்னவென்று பிடிபட நேரமாயிற்று. விடியற்காலையில், ஆள் எழுந்து போன பிறகு, தலையணையில் இருக்குமே, அது.

அவள் துடுப்பை அவசரமாக வலித்தாள். இன்னும் சற்று நேரத்தில் அவள் கணவன் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது.

அவன் டைவர். மதகுக் கோபுரத்தின் அடியில் தண்ணீரை உள்ளே இழுக்கும் இரும்புக் கிராதி இருக்கிறது. அதில் குப்பை அடைத்தால் ஊருக்குத் தண்ணீர் குறையும். அவன்தான் முங்கிச் சுத்தம் செய்வான். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை படகில் அவள் கையில் இருக்கும். வேறு யார் கையிலும் அவன் கொடுத்ததில்லை.

துறையில் அவன் ஏற்கெனவே ரப்பர் உடுப்பில் பாதி நுழைந்திருந்தான்.

"இன்னிக்கு வேண்டாங்க."

"ஏன், மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"அடியில சூடா இருக்கு."

"வெப்பமானி கெட்டுப்போச்சுன்னு நீதானே சொன்னே?"

"புதுசும் அதையேதான் காட்டுது. விரலை விட்டே பார்த்துட்டேன்."

அவன் சிரித்தான். "இருக்கட்டுமே. வருஷம் பூரா வெறச்சு சாகுறேன். ஒரு நாளாவது வெந்நீர்ல குளிச்சிட்டு வர்றேனே. கட்டினவ போட்டுக் குடுக்காத வெந்நீர்."

"விளையாடாதீங்க. மீனெல்லாம் கரைக்கு வந்து நிக்குது. பயந்து போய் நிக்குதுங்க."

"மீன் பயந்தா நானும் பயப்படணுமா?" அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். "சரி, இன்ஜினியர்கிட்ட நீயே சொல்லிப் பாரு. அவர் நிறுத்தினா நான் நிக்கிறேன்."

இன்ஜினியர் போர்டுக்கு முன்னால் நின்றிருந்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு கரும்பலகையை விரலால் தட்டினார்.

"அடித்தண்ணீர் குளிர், தெளிவு, வழக்கம்போல. யார் கையெழுத்தும்மா இது?"

"என்னோடதுதான் சார். ஆனா..."

"ஒரு வாரமா இதையேதான் படிச்சிட்டு இருக்கேன். இதை நம்பித்தான் இன்னிக்கு ஆள் இறக்குறதுன்னு முடிவே பண்ணினேன். இப்போ வந்து சூடுன்னா? ஒரு வாரமா பொய்யா எழுதினீங்களா?"

"ஊர்ல குழாயில காத்துதான் வருது. நேரத்தோட முடிச்சிட்டு வாங்க," என்று அவர் நகர்ந்துவிட்டார். போர்டில் அவளுடைய எழுத்துகள் நல்ல வெள்ளையாக, அழகாக இருந்தன.

கோபுரத்தின் நிழலுக்குள் படகு போனதும் கரையின் சத்தம் அடைபட்டது போலாயிற்று. அவன் காற்று சிலிண்டரைப் பூட்டிக்கொண்டான். கயிற்றைச் சரிபார்த்தான். கயிற்றுப் பாஷை அவர்களுக்கு மனப்பாடம். ஒரு இழுப்பு, நன்றாக இருக்கிறேன். இரண்டு, கயிறு விடு. மூன்று, மேலே தூக்கு. எல்லா டைவர்களுக்கும் அது தெரியும். கல்யாணமான புதிதில் அவன் அதோடு ஒன்றைச் சேர்த்திருந்தான். ஒரு இழுப்புக்குப் பிறகு சின்னதாக இரண்டு கிள்ளு, கன்னத்தைக் கிள்ளுவது போல. அது அவளுக்கு மட்டும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"போயிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவன் பின்பக்கமாகச் சாய்ந்தான். தண்ணீர் தெறித்தது. முகத்தில் பட்ட துளிகள் வெதுவெதுப்பாக இருந்தன.

கயிறு ஓடியது. கோபுரத்தின் ஓரமாகக் குமிழிகள் வரிசையாக மேலே வந்து உடைந்தன. ஒரு இழுப்பு. பிறகு இரண்டு கிள்ளு. அவளுக்கு மூச்சு வந்தது. இரண்டு இழுப்பு. கயிறு விட்டாள். ஒரு இழுப்பு, இரண்டு கிள்ளு. நேரம் போனது. குமிழிகள் வந்தன. அவள் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிறு தொய்ந்தது.

ஒரு இழுப்புக் கொடுத்துப் பார்த்தாள். பதில் இல்லை. மறுபடி கொடுத்தாள். இல்லை. கயிற்றைக் கையில் சுற்றி எழுந்து நின்றபோது, அவளுக்குப் பின்னால், படகின் மறுபக்கம், தண்ணீர் பிளக்கும் சத்தம் கேட்டது.

அவன்.

விளிம்பைப் பிடித்து ஏறினான். முதுகில் சிலிண்டர் இல்லை. இடுப்பில் கயிறு இல்லை.

"கயிறு கிராதியில மாட்டிக்கிச்சு," என்றான். "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வந்துட்டேன்."

அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "நான் செத்தே போயிட்டேங்க," என்று அவன் தோளைப் பிடித்தாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி, முன் பலகையில் உட்கார்ந்தான். பிடரியில் அதே மச்சம். காதோரம் அதே வெட்டுத் தழும்பு. துண்டு கேட்கவில்லை. எப்போதும் ஏறியதும் பல் கிடுகிடுக்க நடுங்குவான். நடுங்கவில்லை. ரப்பர் உடுப்புக்கு மேலேயே அவன் தோள் சூடாக இருந்தது.

"போலாம்," என்றான்.

"இதோ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

கயிறு இறுகியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மேலே தூக்கு.

அவள் கை நின்றது. மெதுவாகத் திரும்பிக் கோபுரத்தின் ஓரத்தைப் பார்த்தாள். குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. வேகமாக.

மூன்று இழுப்பு. அதன் பிறகு, சின்னதாக, இரண்டு கிள்ளு.

முன் பலகையில் இருந்தவன் திரும்பவில்லை. "கயித்தை அறுத்து விடு," என்றான். அவனுடைய குரல்தான். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அவள் இழுத்தாள். இரண்டு கையாலும், காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். ஒரு முழம் வந்தது. நின்றது. கத்தினாள். கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். அங்கேயும் கத்திக்கொண்டிருந்தார்கள். கரையோரத் தண்ணீர் கொதிப்பது போலக் கிளம்பியிருந்தது. மீன்கள் தாமாகவே துள்ளித் தரையில் விழுந்தன. கெண்டை, கெளுத்தி, விலாங்கு. ஆட்கள் வாளியோடு ஓடினார்கள். சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

அவள் கையின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. சூடு. வாய்க்குள் இருக்கும் சூடு. தலையணை வாசம்.

இறுக்கவில்லை. பிடித்தது. அவ்வளவுதான். கயிறு அதற்கு மேல் வரவில்லை.

மூன்று இழுப்பு. மெலிந்து.

இரண்டு கிள்ளு.

அந்தக் கை கயிற்றின் மேல் நகர்ந்து, தன் விரல்களுக்கு அடியில் அந்தக் கிள்ளலை உணர்ந்தபடி, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பாடம் கேட்பது போல.

பிறகு எழுந்து, அவள் கன்னத்துக்கு வந்தது.

சின்னதாக, இரண்டு முறை, கிள்ளியது.

கரையிலிருந்து புழுக்கடைக்காரர் இவர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். படகில் இருந்தவன் எழுந்து நின்று, அவள் கணவன் ஆட்டுவது போலவே, தலைக்கு மேல் கையை உயர்த்தி ஆட்டினான். உட்கார்ந்தான். துடுப்பை எடுத்தான். படகு கரையை நோக்கி நகர்ந்தது. அவள் விரல்களுக்குள் கயிறு ஓடத் தொடங்கியது, சுருள் சுருளாக, குறையக் குறைய, அதன் முனைவரைக்கும் கீழிருந்து கிள்ளிக்கொண்டே.