நாலாம் எண் விலகியது

காலை 11.40 மணிக்கு, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு குரல் காணாமல் போனது.

இயக்குநர் மேடையில் நின்று தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு காகிதம். அதைப் பிரித்துப் படித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"நாலாம் எண் விலகுது" என்றார்.

கூடம் முழுவதும் "அடடா" என்றது. அதற்குக் காரணம் இருந்தது. அன்று காலை ஒன்பதரையிலிருந்து ஒன்பது பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதாநாயகி வேடத்துக்குப் பாடிக் காட்டியிருந்தார்கள். 10.20க்கு நாலாம் எண் பாடியபோது பின்வரிசையில் பிஸ்கட் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை அப்படியே வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் குரலுக்கு முகம் எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

குடியிருப்போர் மன்ற நாடகக் குழுவின் வழக்கம் அப்படி. மூன்று வருடங்களுக்கு முன் இயக்குநரின் மைத்துனிக்குத் தோழி வேடம் போனதில் பெரிய சண்டை மூண்டு, பாதிக் குழு கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து திரைக்குப் பின்னால்தான் பாட்டு. பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து பாடிவிட்டு, வந்த வழியே போய்விட வேண்டும். எந்தக் காகிதத்திலும் பெயர் கூடாது. எண்ணும் கட்டையும் மட்டும். கட்டை என்பது பாடுகிறவருக்கு வேண்டிய சுருதியின் அளவு. எண்ணுக்கு யார் சொந்தக்காரர் என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள் இருக்கும். யாராவது விலக நினைத்தால் எண்ணையும் கட்டையையும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். விலகியவரின் மானம் போகக் கூடாது என்பதற்காக அவர் பெயரைக் கடைசிவரை பிரித்துப் பார்க்க மாட்டார்கள். முடிவு சொன்னதும் பட்டியல், சீட்டு எல்லாவற்றையும் கிழித்துவிடுவார்கள். இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் யாராவது கை வைக்க முடியும் என்று யாரும் நினைத்ததில்லை.

"அப்போ அடுத்த மார்க்கு ஏழாம் எண்" என்று இயக்குநர் உறையைப் பிரித்து ஒரே ஒரு வரியைப் பார்த்தார். "நம்ம பல் டாக்டர்!"

பல் டாக்டர் ஆறு வருடமாகக் கதாநாயகி. கைதட்டல் வர வேண்டிய இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இடைவேளையில அவங்க அந்தச் சின்ன ரூமுக்குள்ள போனதை நான் பார்த்தேன். பெட்டி அங்கதானே இருந்துச்சு?"

பல் டாக்டரின் முகம் வெளுத்தது.

"நான் என் பையை எடுக்கப் போனேன்" என்றார்.

இயக்குநர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விதி அவருக்கு உயிர். "தில்லுமுல்லு பண்ணினது நிரூபணமானா ஆயுசுக்கும் மேடை ஏற முடியாது. அது எழுதி வெச்ச விதி. பன்னிரண்டரைக்குக் கூடத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். அதுக்குள்ள முடிவு சொல்லியாகணும்" என்று சொல்லிவிட்டு முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே எஸ்.ஐ. அம்மா உட்கார்ந்திருந்தார்.

எஸ்.ஐ. அம்மா துப்பறிய வரவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு, நாடகத்தில் வரும் திருடி வேடத்துக்குப் பாடிக் காட்ட வந்திருந்தார். அந்த வேடத்துக்கு வேறு யாரும் வராததால் திரை இல்லாமலே பாடியும் காட்டினார். அதைப் பற்றி இயக்குநர், "உங்களுக்கு வசனம் நல்லா வருதும்மா" என்று மட்டும் சொன்னார். அவருடைய விண்ணப்பத் தாளில் கட்டை என்ற இடத்தில் எல்லோரும் ஏதோ ஒரு அரை போடுகிறார்களே என்று அவரும் மூன்றரை என்று எழுதியிருந்தார். கீபோர்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் அந்த அரையை அடித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். குரலை அளந்தே குறைத்துவிட்டார் போலிருக்கிறது என்று எஸ்.ஐ. அம்மா நினைத்துக்கொண்டார்.

"காகிதத்தைக் கொடுங்க சார்" என்று எழுந்தார்.

நிரப்பாத விண்ணப்பத் தாளின் பின்பக்கம். பெட்டியோடு நூலில் கட்டித் தொங்கும் பென்சிலால், இடது கையால் எழுதியதுபோல் கோணல்மாணலாக மூன்று வரி. எண் 4. கட்டை 3½. விலகுகிறேன். ஒரு முறை படித்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வேறு யாரிடமும் காட்டவில்லை.

"பெட்டியைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"பதினொண்ணு பத்துக்கு. ஒன்பதாம் எண் விலகின சீட்டு இருந்துச்சு. எடுத்துப் பலகையில குத்தி வெச்சேன். அதுக்கப்புறம் பெட்டி காலி."

"உடனே இடைவேளை விட்டீங்க. அப்பத்திலிருந்து நான் அந்த ரூம் வாசலுக்கு எதிர் பெஞ்சுலதான் இருந்தேன். நீங்க பெட்டியை எடுக்க வர்ற வரைக்கும் உள்ள போனது மூணு பேர். பல் டாக்டர், அவங்க வீட்டுக்காரர், நம்ம செயலாளர். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கு." எஸ்.ஐ. அம்மா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்க மூணு பேர்கிட்டயும் யாராவது பெட்டியில போடச் சொல்லிச் சீட்டு கொடுத்தாங்களா?"

மூன்று தலைகளும் இல்லை என்று ஆடின.

"அப்போ நாலாம் எண் விலகல. யாரோ விலக்கியிருக்காங்க" என்றார்.

11.50. சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் கிழிந்த கிரீடம். முதலில் பல் டாக்டர்.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?"

"ஒரு நிமிஷம். பையில மாத்திரை இருந்துச்சு. தலைவலி."

"தலைவலி ஏன்?"

"நாலாம் எண்ணைக் கேட்டதுக்கப்புறம் வந்துச்சு. ரெண்டு மாசமா கிளினிக்ல ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் நடுவுல சாதகம் பண்ணிட்டு வந்திருக்கேன் மேடம். இது கடைசி வருஷம்னு வீட்டுல சொல்லிட்டும் வந்தேன். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா நான் எழுதல."

"நாலாம் எண் எத்தனை கட்டையில பாடினாங்க?"

"அஞ்சரை. என்னோடதும் அதுதான். அதனாலதான் இன்னும் எரிஞ்சுது."

11.56. செயலாளர். எந்நேரமும் வேர்க்கிற மனிதர்.

"எதுக்கு உள்ள போனீங்க?"

"கப் எடுக்க. டீ ஆறிடும்ல?"

"நாலாம் எண் ஜெயிக்கறதுல உங்களுக்கு ஏதாவது வருத்தம்?"

"எனக்கென்ன வருத்தம்? யாரு ஜெயிச்சாலும் நாற்காலி அடுக்கறது நான்தான்."

"அவங்க எத்தனை கட்டை?"

"அஞ்சரை. சீட்டை வாங்கிக் கீபோர்டுக்காரர்கிட்ட கொடுக்கறதே நான்தானே மேடம்."

12.01. பல் டாக்டரின் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவிக்கு வெந்நீர் பிளாஸ்க் சுமந்துகொண்டு எல்லா வருடமும் வருவார்.

"நீங்க எதுக்கு உள்ள போனீங்க?"

"அவளைத் தேடித்தான். தலைவலின்னு சொன்னா. அதுக்குள்ள அவ வெளியே போயிட்டா."

"காலையிலிருந்து எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"பக்கவாட்டுக் கதவுகிட்ட. காத்து வரும்."

"பாட்டெல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன். இவதான் நல்லாப் பாடினா."

"நாலாம் எண் எத்தனை கட்டையில பாடினாங்க?"

அவர் சிரித்தார். "எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்? ரெண்டரைங்கறாங்க, மூணரைங்கறாங்க. எனக்குத் தெரிஞ்சது கண்ணாடி பவர் ஒண்ணுதான்."

12.06. எஸ்.ஐ. அம்மா வாசலுக்குப் போனார். கீபோர்டுக்காரர் உள்ளே நடந்த அமளி எதுவும் தெரியாமல் தன் வாத்தியத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"காலையில என் தாள்ல அரையை ஏன் அடிச்சீங்க?"

"கோபமா மேடம்?"

"தெரிஞ்சுக்கணும்."

அவர் உறையின் ஜிப்பை இழுத்துக் கட்டைகளைக் காட்டி விளக்கினார். அரை நிமிடம்தான் ஆனது. எஸ்.ஐ. அம்மா நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

12.10. கூடத்தில் யாரும் உட்காரவில்லை. பல் டாக்டர் மட்டும் ஓர் ஓரத்தில் தனியாக நின்றார். அரை மணி நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு பெரிய வெற்றிடம் உண்டாகியிருந்தது. நேற்றுவரை அவரிடம் இலவசமாகப் பல் காட்டியவர்கள்தான் தள்ளி நின்றார்கள்.

"இதை எழுதினவருக்கு நாலாம் எண்ணோட கட்டை தெரியாது" என்று எஸ்.ஐ. அம்மா ஆரம்பித்தார். "ஆனா ஏதாவது ஒரு கட்டை எழுதியே ஆகணும். இல்லாட்டி சார் சீட்டை ஏத்துக்க மாட்டார். பலகையில ஒன்பதாம் எண்ணோட சீட்டு மாதிரிக்கு இருந்துச்சு. அதைப் பார்த்து, கட்டையை மட்டும் குத்துமதிப்பா போட்டுட்டார். மூன்றரை."

கூடத்தில் பாடத் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்.

"மூன்றரைக்கு என்ன குறைச்சல்?" என்றார் கணக்கு வாத்தியார்.

"கணக்குல ஒரு குறையும் இல்ல சார். கீபோர்டுலதான் இல்ல. வெள்ளைக் கட்டை எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணு. நடுவுல இருக்கற கறுப்புக் கட்டைதான் அரை. மூணாவது வெள்ளைக்கும் நாலாவது வெள்ளைக்கும் நடுவுல கறுப்பே கிடையாது. மூணு முடிஞ்சா நேரா நாலுதான். மூன்றரைக் கட்டைன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லையாம். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது. நானும் காலையில அதைத்தான் எழுதினேன். இந்தச் சீட்டு என்னை மாதிரி ஒரு ஆள் எழுதினது."

அவர் பல் டாக்டரைப் பார்த்தார். "இவங்க காதுல கேட்டே அஞ்சரைன்னு சொல்றாங்க. பொய்யா எழுதியிருந்தாலும் மூன்றரைன்னு எழுத இவங்களுக்குக் கை வராது. செயலாளருக்குச் சீட்டைப் பார்த்தே அஞ்சரைன்னு தெரியும். அவர் எழுதியிருந்தா சரியாவே எழுதியிருப்பார். மிச்சம் இருக்கறது ஒருத்தர். எந்த நம்பரா இருந்தாலும் அதுக்கு ஒரு அரை உண்டுன்னு நினைக்கிறவர். கண்ணாடிக் கடையில ரெண்டும் உண்டு, ரெண்டரையும் உண்டு, மூன்றரையும் உண்டு. என்கிட்டயும் அதே மூணரையைத்தான் சொன்னார்."

எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடிக் கடைக்காரர் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மறுக்கப் போகிறவர்போல் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"கதவுகிட்ட இருந்ததால பாடினது யாருன்னு பார்த்துட்டீங்க. அவங்க உடனே கிளம்பிப் போனதும் தெரியும். இல்லையா?"

"யூனிபார்ம் போட்டுட்டு ஓடினாங்க. பஸ் ஓட்டறவங்க" என்றார் அவர் மெதுவாக. "திரும்பி வர மாட்டாங்கன்னு தெரிஞ்சுது. இவ கடைசி வருஷம்னு சொன்னா. தோத்துப் போய் முடிய வேணாமேன்னுதான்... உன் மேல பழி வரும்னு நினைக்கலம்மா. சத்தியமா நினைக்கல."

இயக்குநர் பட்டியலில் நாலாம் எண்ணின் வரியைப் பார்த்து டிப்போவுக்குப் போன் போட்டார். அங்கிருந்து வண்டிக்குத் தகவல் போய், 12.24க்குத் திரும்ப அழைப்பு வந்தது. அவர் ஒலிபெருக்கியை அமுக்கினார்.

"நானா? நிஜமாவா? இருங்க, ஆளுங்க ஏறிட்டு இருக்காங்க. தாத்தா, பார்த்து ஏறுங்க! சார், சம்மதம். ரெண்டு தடவை எழுதிக்கோங்க, சம்மதம், சம்மதம்! ராத்திரி ஷிப்ட்டை மாத்திக்கறேன். வெச்சுடறேன், பின்னாடி ஹாரன் அடிக்கறான்!"

கூடம் வாய்விட்டுச் சிரித்துக் கை தட்டியது. பல் டாக்டரும் தட்டினார், மனதாரத்தான் தட்டினார். தள்ளி நின்றவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்து தோளைத் தொட்டார்கள். இயக்குநர் மன்னிப்புக் கேட்டு, கதாநாயகியின் அக்கா வேடம் அவருக்குத்தான் என்றார். அதற்கும் தலையாட்டினார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம்?"

"என்னது?"

"போன வருஷம் நான்தான் ஜெயிச்சேனா?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "நீதான்! அதுக்கு முந்தின வருஷமும் நீதான். இன்னிக்குத்தான், இந்த ஒரு தடவைதான். என்னை நம்பு."

"திரை போட்ட மூணு வருஷமும் யாராவது ரெண்டு பேர் விலகுவாங்க. யாரு என்னன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. யாரோ விலகினா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

கணவர் கண் கலங்கி நின்றார். பழைய வருடங்களின் சீட்டுகள் கிழிந்து குப்பைக்குப் போய் எத்தனையோ மாதமாகிவிட்டது. எஸ்.ஐ. அம்மா அருகில்தான் இருந்தார். பொய் சொல்கிறவர்களை நாள் முழுதும் பார்க்கிற தொழில் அவருடையது. இந்த மனிதர் இப்போது பொய் சொல்லவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அவர் உண்மையைத்தான் சொல்றார்மா. நான் நம்பறேன்" என்றார்.

"நீங்க நம்பிட்டு வீட்டுக்குப் போயிடலாம் மேடம்" என்றார் பல் டாக்டர். "மேடையில நின்னு பாடினது நான்."