மல்லாட்டை டாக்டரும் ஊசிக்கார வளவனும்

பங்குனி மாதத்து உச்சி வெயிலில், அடி அண்ணாமலையில், ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலைக் காட்டுக்கு நடுவே மூடுபனி இறங்கியது. முழங்கால் உயரத்துக்கு! பக்கத்தில் நின்ற பசுவுக்குக் குளிரில் தும்மல் வந்து, அந்தத் தும்மலுக்கு மலைமேல் இருந்த குரங்குகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன. அதே பனிக்குள் ஒருத்தியின் இதயம் சட்டென்று நின்று, மலையை ஒரு சுற்று சுற்றி வந்து, மறுபடி துடித்தது...

சிரிக்க வேண்டாம். ஊரே இதை நம்புகிறது. நம்பாத ஆள் ஒரே ஒருத்திதான். அந்த இதயத்துக்குச் சொந்தக்காரி, அன்புச்செல்வி.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. படிப்பு அப்படி. வேங்கிக்காலில் பிறந்தவள், சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மரபணுக்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் இல்லாதபோது மல்லாட்டைச் செடியில் எந்த மரபணு விழித்துக்கொள்கிறது, அது என்ன புரதத்தைச் செய்து இலையைக் காப்பாற்றுகிறது... இதுதான் அவளுடைய கேள்வி. அதற்காக அடி அண்ணாமலையில் காசியம்மாள் என்ற விவசாயியின் கொல்லையில் பாதியைக் கேட்டு வாங்கி, வாரக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சாமல் வைத்திருந்தாள். இன்று இலை பறிக்க வேண்டும். பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கூடத்து ஜீப் அவளை இறக்கிவிட்டுப் போளூர்ப் பக்கம் போன பிறகுதான், கொண்டுவந்த கேனைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பொட்டுப் புகைகூட இல்லை. ராத்திரியே எங்கேயோ கசிந்து, அத்தனை நைட்ரஜனும் காற்றோடு காற்றாகப் போயிருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். மலைக்குப் பின்னாலிருந்து கருமேகம் ஒன்று அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் தீர்ந்தது. செடிகள் ஆசைதீரக் குடித்துவிடும். விழித்த மரபணுக்களெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். ஒரு வருஷ உழைப்பு சேறாகிவிடும்...

“ஏங்க, அந்தப் பாதி பச்சையா இருக்குது, இந்தப் பாதி சுருண்டு கெடக்குது. பட்டினி போட்ட புண்ணியவதி நீங்கதானா?”

திரும்பினாள். வரப்போரம் ஒரு பைக். பக்கத்தில் ஒருவன். முழுக்கையை மடித்துவிட்ட சட்டை, கன்னத்தில் வைக்கோல் துணுக்கு. கண்கள்... கண்களைச் சொல்லியே ஆக வேண்டும். கிரிவலப் பாதையில் அத்தனை விளக்கையும் அணைத்துவிட்டு, அந்த இரண்டை மட்டும் ஏற்றிவைத்தால் போதும். பௌர்ணமிக் கூட்டம் வழி தவறாமல் நடந்துவிடும்.

“ஆராய்ச்சி. சொன்னா உங்களுக்குப் புரியாது,” என்றாள் வெடுக்கென்று.

“புரியாதுதாங்க. நமக்குத் தெரிஞ்சது மாடு, கன்னுதான்.”

அதற்குள் காசியம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். “வளவா, வந்துட்டியா? காலையிலேர்ந்து பசு கத்திக்கினே கீது தம்பி. சீக்கிரம் ஊசியப் போடு!”

வளவன் கால்நடை ஆய்வாளன். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பசுவுக்குச் சினை ஊசி போடவேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பைக்கில் கட்டியிருந்த கேனை அவிழ்த்து, மூடியைத் தூக்கினான்.

குபுகுபுவென்று வெள்ளைப் புகை வழிந்தது.

அன்புச்செல்விக்கு மூச்சே நின்றுவிட்டது. காளையின் விந்துக் குச்சிகளை இவர்கள் எதில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள்? திரவ நைட்ரஜனில்! கேட்டால் கிடைக்கும். ஆனால் இப்போதுதானே ‘உங்களுக்குப் புரியாது’ என்று மூக்கை உடைத்தாள்... எந்த வாயால் கேட்பது?

அவன் பசுவுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தான். மேகம் உறுமியது.

“அதுல... நைட்ரஜன் எவ்ளோ இருக்கு?”

“எதுக்குங்க? சொன்னா எனக்குப் புரியாதே.”

உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் பார்வை அவளுடைய காலிக் கேனுக்குப் போயிற்று. பிறகு அவள் கண்களுக்கு. அங்கே மழை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. கேலி சட்டென்று அடங்கியது.

“கம்மியாத்தான் இருக்குதுங்க. ஊத்திக் குடுத்தா குச்சியெல்லாம் கெட்டுப்போயிடும். இன்னும் ஒரு ஊட்டுல பசு காத்துக்கினு இருக்குது.” யோசித்தான். “உள்ள ஒரு குவளை காலியா இருக்குது. உங்க இலைய அதுல எறக்கலாம். ஆனா கேன் என்னோடதான் வரும். நீங்களும் கூடவே வரணும்.”

“காளை மாட்டு... அதுகூடவா என் மல்லாட்டை இலையை வைக்கறது?”

“வெச்சா இன்னா? மல்லாட்டை கன்னு போட்டுடுமா?”

காசியம்மாள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். அன்புச்செல்விக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது... அழுகையோடு சேர்ந்து.

பிறகு வேலை பறந்தது. அவள் பறித்து அலுமினியத் தாளில் சுற்ற, அவன் வாங்கி ஒவ்வொரு பொட்டலமாக இறக்கினான். ஒவ்வொன்றுக்கும் கேன் சீறியது. பனி வழிந்து செடிகளுக்கிடையே பரவியது. எதிரே அவன் முகம் அதில் மறைந்து, பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. முதலில் கண்கள் மட்டும்...

அந்த நிமிஷம்தான். குரங்குகள் திரும்பிப் பார்த்த நிமிஷம்.

பைக்கில் அவன் முன்னால், அவள் பின்னால். இருவருக்கும் நடுவில் கண்டிப்பான மாமியார் மாதிரி நைட்ரஜன் கேன்.

இன்னொரு பசு காத்திருந்த சடையன் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா தம்பி, புது டாக்டரா?”

“ஆமா மாமா. மல்லாட்டைக்கு டாக்டரு.”

“மல்லாட்டைக்கா! அதுக்கும் ஊசி போடுவாங்களா?”

அங்கே வேலை முடிந்து கிரிவலப் பாதைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். மழைக்குப் பின்னால் மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

“அந்தப் பொட்டலத்துல இன்னாதாங்க இருக்குது? இந்த வாட்டி புரியற மாதிரி சொல்லுங்க.”

அவள் டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “செடியில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எல்லா மரபணுவும் இருக்கு. ஆனா எல்லாம் பேசாது. தாகம் வந்தா, அதுவரைக்கும் சும்மா இருந்த சிலது வாயத் திறக்கும். அது சொல்றதை வெச்சுத்தான் செல் புரதம் செய்யும். சொன்னது ரொம்ப நேரம் நிக்காது, அழிஞ்சுடும். அதான் அந்த நிமிஷமே உறைய வைக்கறோம்.”

அவன் தகரத்திலிருந்து வழிந்த மழையில் கையை நீட்டினான். “அப்ப புதுசா ஒண்ணும் வரல. எப்பவும் உள்ள இருந்ததுதான்... தாகம் வந்ததும் பேசுது.”

அவள் திகைத்துப் பார்த்தாள். இதை வகுப்பில் இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

வேங்கிக்கால் போய்ச் சேர்ந்து, பொட்டலங்களை மாட்டாஸ்பத்திரியின் பெரிய ஜாடிக்கு மாற்றி ஆயிற்று. அவள் நன்றி சொல்லத் திரும்பியபோது அவன் மெதுவாகச் சொன்னான்:

“எனக்கும் இன்னிக்கு அப்படித்தாங்க ஆச்சு. அந்தப் புகைக்குள்ள உங்களப் பாத்தப்ப... உள்ள ஏதோ ஒண்ணு வாயத் தொறந்துடுச்சு.”

அவளுக்குக் கன்னம் சுட்டது. பயமாக இருந்தது. பயம் வந்தால் அவளுக்குப் படிப்பும் கூடவே வந்துவிடும்.

“ஒரு தடவை நடந்ததை வெச்சு நாங்க எதையும் முடிவு பண்ண மாட்டோம் சார். வெயில், பதட்டம்... காரணம் ஆயிரம் இருக்கும். அப்படி ஒண்ணும் நடக்கலை.”

அவன் சிரிக்கவில்லை. “உங்களுக்கு நடக்கலன்னா சரிங்க. எனக்கு நடந்துச்சு.” ஜாடியை மூடிவிட்டு வெளியே போனான்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு ஆராய்ச்சி அமோகமாக வந்தது. தாகத்தில் நின்ற செடிகளில் எந்தெந்த மரபணுக்கள் பேசின என்று துல்லியமாகத் தெரிந்தது. கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவளோ திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானத்தின் பேச்சு அப்படியே கெடாமல் இருக்கிறது... அந்த மத்தியானத்தில் அவளும்தானே நின்றாள்? இலைக்குப் பதிலாக யாராவது அவளைக் கிள்ளி உறையவைத்திருந்தால் உள்ளே என்ன கிடைத்திருக்கும்? விடை தெரியும். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி எத்தனை நாள் இருப்பது?

ஒரு சனிக்கிழமை காலை காசியம்மாள் போன் செய்தாள்.

“கண்ணு, கொல்லையெல்லாம் புடுங்கியாச்சு. காய் நல்லா ஜாஸ்தி. அப்பால... நம்ம ஊசிக்காரத் தம்பி இல்ல? அவங்கம்மா ராஜம்மாளு நாளைக்கு ஆரணிக்குப் பொண்ணு பாக்க இட்டுக்கினு போறாங்களாம். தம்பிக்கு மொகமே நல்லால்ல.”

அன்புச்செல்வி பஸ் ஏறினாள். அவள் பார்த்த பார்வையில் டிரைவர் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். திண்டிவனமும் செஞ்சியும் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டன.

மாட்டாஸ்பத்திரிக் குழாயடியில் வளவன் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“வாங்க மேடம். மறுபடியும் கேன் கசிஞ்சுடுச்சா?”

“கேன் எடுத்துட்டு வரலை.”

“அப்ப கொல்லையில வேலையா?”

“மல்லாட்டை புடுங்கியாச்சாமே.”

“பின்ன?” தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு ஆரணிக்குப் போகாதீங்க.”

“ஏங்க, அங்க மழையா?”

“விளையாடாதீங்க வளவன்!” பெயரைச் சொல்லிவிட்டாள். முதல் தடவையாக. அவன் குழாயை மூடினான்.

“எங்கம்மா காரணம் கேப்பாங்களே. நான் இன்னான்னு சொல்றது? ஒண்ணும் நடக்கலன்னு நீங்கதான சொன்னீங்க...”

அவள் தலை குனிந்தது. காது மடல் வரை சிவந்தது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்... பிரித்தாள்... பிறகு நிமிர்ந்து அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“நடந்துச்சு,” என்றாள். “எனக்கும் நடந்துச்சுங்க.”